ஆங்கில வினையும் நம் முக்காலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றால் நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. சொற்கள் தெரியாமலா? இல்லை. 'கோ' என்றால் 'போ' என்பது பள்ளியிலேயே தெரியும். அது எந்த இடத்தில் 'வென்ட்' ஆகும், எந்த இடத்தில் 'ஹாவ் கான்' ஆகும் என்பதில்தான் தயக்கம். இலக்கண நூலிலோ பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று நம்மை மிரட்டுகிறது. தேர்வுக்கு முதல் நாள் அதை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறோம்.

என் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து வரும் நண்பர்கள் பலரும் அப்படியே. வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை. ஆனால் நம்மிடம் தமிழ் இருக்கிறது. தமிழில் ஒரே வடிவம் இரண்டு வேலை செய்யும் இடங்களில்தான் நம் ஆங்கிலம் பெரும்பாலும் தடுமாறுகிறது. அந்த இடங்களை அறிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நன்னூலார் காட்டும் வழி

காலம் மூன்று என்று தொல்காப்பியரே வகுத்துவிட்டார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மேலும் இரண்டு நுட்பங்களைக் கூறுகிறார்.

ஒன்று: முக்காலத்திலும் ஒரே தன்மையாக உள்ள பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும். 'மலை நிற்கிறது' என்பது போல. ஆங்கிலமும் இதையே செய்கிறது. 'தி எர்த் மூவ்ஸ் ரவுண்ட் தி சன்' என்பதில் 'மூவ்ஸ்' நிகழ்காலம். அறிவியல் உண்மைகளை எழுதும் நமக்கு இது முதல் விதி.

இரண்டு: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மாறி வரலாம். 'சாப்பிட வாடா' என்று அம்மா அழைத்தால், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே 'வந்துட்டேம்மா' என்கிறோம். விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாகிறது. தமிழில் இது வழுவன்று. ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ கேம்' என்றால் பொருந்தாது. 'ஐ ஆம் கமிங்' என்றே சொல்ல வேண்டும். ஆகவே தமிழ் வினையின் வடிவத்தைப் பார்த்து மொழிபெயர்க்கலாகாது. அதன் பொருளைப் பார்த்தே மொழிபெயர்க்க வேண்டும்.

'வரும்' என்னும் ஒரு சொல்

'விடியுமுன் படகுகள் கரைக்கு வரும்' என்கிறோம். 'நாளை அந்தப் படகு வரும்' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'வரும்' ஒன்றே. ஆனால் முதலாவது வழக்கம், இரண்டாவது எதிர்காலம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கிறது. வழக்கத்திற்கு 'தி போட்ஸ் கம்'. நாளைக்கு 'தி போட் வில் கம்'.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 'தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகமாட்டா' என்பதை 'வில் நாட் கோ' என்று எழுதத் தோன்றும். ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் ஆதலால் 'டு நாட் கோ' என்பதே பொருத்தம்.

'வருகிறது' என்பதும் இப்படித்தான். 'இந்தப் பேருந்து தினமும் வருகிறது' என்பது 'கம்ஸ்'. 'அதோ வருகிறது' என்பது 'இஸ் கமிங்'. அறிதல், உடைமை போன்ற நிலைகளைச் சொல்லும்போது 'இங்' சேர்ப்பதில்லை. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்பவை பிழை. 'ஐ நோ', 'ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்' என்பவையே சரி.

மூடிய கதவும் திறந்த கதவும்

நம்மைப் பெரிதும் குழப்புவது 'ஹாவ்', 'ஹாஸ்' சேரும் வினை. இதற்கு நம் வட்டாரத்திலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அந்தக் காலக் கதவு மூடிவிட்டது. எனவே, 'இட் ஒர்க்ட் ஃப்ரம் 1970 டு 2017' என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டும். இராயபுரம் இரயில் நிலையமோ 1856இல் திறக்கப்பட்டது. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. தொடக்கம் அன்று, தொடர்ச்சி இன்று. கதவு திறந்தே இருக்கிறது. எனவே, 'இட் ஹாஸ் ஸ்டுட் ஹியர் சின்ஸ் 1856'.

'எஸ்டர்டே' என்று சொன்னவுடன் கதவு மூடிவிடுகிறது. ஆதலால் 'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பது தவறு; 'ஐ சா ஹிம் எஸ்டர்டே' என்பதே சரி.

'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்பதில் தமிழ் வினை நிகழ்காலம். அதை அப்படியே 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று ஆக்கிவிடுகிறோம். 'ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. கால அளவைச் சொன்னால் 'ஃபார்'.

சுமை ஒருவருக்கே

'ஐ டிட் நாட் வென்ட்' என்னும் பிழையை எங்கும் கேட்கலாம். 'போகவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: 'போக', 'இல்லை'. 'போக' என்பதில் காலம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துவிட்டது. ஒரு மூட்டையைத் தூக்க ஓர் ஆள் போதும். 'கோ' வெறுங்கையோடு வரட்டும்: 'ஐ டிட் நாட் கோ'.

ஆய்வகத்திலும் ஆலையிலும்

இவையெல்லாம் தேர்வுத் தாளோடு முடிபவை அல்ல. ஆய்வகப் பதிவேட்டில், காரத்தில் ஃபினால்ஃப்தலின் இளஞ்சிவப்பாகும் என்னும் பொது உண்மையை 'டர்ன்ஸ் பிங்க்' என்றும், இன்று நம் குடுவையில் நடந்ததை 'டர்ன்ட் பிங்க்' என்றும் எழுத வேண்டும். எது விதி, எது நாம் கண்டது என்பதை வினையே பிரித்துக் காட்டுகிறது.

நாளை நம்மில் பலர் மணலியிலோ எண்ணூரிலோ ஆலைப் பணிக்குச் செல்லக்கூடும். ஒரு ஷிப்டு முடிந்து போகிறவர் குறிப்பேட்டில் 'தி வால்வ் வாஸ் க்ளோஸ்ட் அட் டூ' என்று எழுதினால், இரண்டு மணிக்கு மூடினார்கள் என்பது மட்டுமே தெரியும். பிறகு திறந்தார்களா என்பது தெரியாது. 'தி வால்வ் ஹாஸ் பீன் க்ளோஸ்ட்' என்றால் மூடியது மூடியபடி இருக்கிறது என்று பொருள். அடுத்து வருகிறவர் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குழாயின்மேல் கை வைக்கிறார். காலப் பிழை அங்கே மதிப்பெண்ணோடு போவதன்று.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வாக்கியத்திற்கு முன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வழக்கமா, இப்போது நடப்பதா? அந்தக் காலம் முடிந்துவிட்டதா, இன்றும் தொடர்கிறதா? காலத்தை எந்தச் சொல் சுமக்கிறது? தினமும் உங்கள் தெருவில் கண்டதைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். எழுதியதை நம் ஆங்கில ஆசிரியர்களிடம் காட்டத் தயங்க வேண்டாம்.

ஆங்கிலம் நல்ல பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய சொத்தன்று. வந்தது, வந்திருக்கிறது, வந்திருந்தது, வந்துகொண்டிருக்கிறது என்று பேதம் தெரிந்து பேச நம் தாய்மார்கள் எந்த அட்டவணையையும் படிக்கவில்லை. அவர்களிடம் அந்த நுட்பத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியின் காலமும் வசப்படும் என்பது என் உறுதியான நம்பிக்கை.