தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையில் பிணைத்தல்: விசை, அமுக்கம், திருப்பம் ஆகியவற்றின் ஒரு பிரயோகம்

மாணவர்களே, விசை, அமுக்கம், உராய்வு, விசைத் திருப்பம், வேலை, சக்தி ஆகிய அலகுகளை நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். வெளியுலகில் இவை தனித்தனியே வருவதில்லை. ஒரு புகையிரதப் பாதையில் தண்டவாளத்தை மரக்கட்டையுடன் பிணைத்து வைத்திருக்கும் ஆணி ஒன்றை எடுத்துக்கொண்டால் இவை அத்தனையும் அதில் அடங்கியுள்ளன. ஆகவே இப்பாடத்தில் அந்த ஆணியை மட்டும் சற்று விரிவாக ஆராய்வோம்.

பாதையின் அமைப்பு

பாதைக்குக் குறுக்காக, சல்லிக்கற் படுக்கையின் மீது சிலிப்பர் கட்டைகள் அடுக்கப்படும். அவற்றின் மேல் இரு தண்டவாளங்கள் கிடக்கும். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரம் பாதை அகலம் எனப்படும். இலங்கையின் அகலப் பாதையில் இது 1676 மில்லிமீற்றர். ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 1435 மில்லிமீற்றர். கட்டைக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சுமையைச் சல்லிக்குப் பரப்பிக் கொடுத்தல். மற்றையது, இந்த அகலம் மாறாது காத்தல். இரண்டாவது வேலையைக் கட்டை தனியாகச் செய்ய முடியாது. தண்டவாளம் அதனுடன் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருந்தால்தான் செய்யும். அகலம் சில சென்ரிமீற்றர் கூடிவிட்டாலே சில்லு உள்ளே விழுந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க.

இலங்கையின் வடபகுதிப் பாதையில் முன்னர் மரக்கட்டைகளே இருந்தன. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்ற பின்னர் தண்டவாளங்களும் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் பயன்பட்டதை வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். 2014 இல் மீண்டும் திறக்கப்பட்ட பாதை கொங்கிறீற்றுக் கட்டைகளின் மேல் அமைந்தது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான பாதைகள் மரக்கட்டைகளிலேயே உள்ளன. ஆகவே நமது கணக்குகளுக்கு அந்நாட்டு முறையையே எடுத்துக்கொள்வோம்.

ஆணியின் வடிவம்

அடி தட்டையான தண்டவாளத்தையும் அதைப் பிடிக்கும் கொளுக்கித் தலை ஆணியையும் 1830 அளவில் அமெரிக்கப் பொறியியலாளர் றொபேட் ஸ்ரீவன்ஸ் வடிவமைத்தார். இன்று பாவனையிலுள்ள ஆணி அதிலிருந்து அதிகம் மாறவில்லை. நீளம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். குறுக்குவெட்டு 16 மில்லிமீற்றர் பக்கமுள்ள சதுரம். தலை ஒரு பக்கமாக நீண்டு தண்டவாளத்தின் அடியை மேலிருந்து பிடிக்கும்.

இதன் முனை ஊசி போலக் கூரானதன்று, உளி போன்றது. அந்த உளிவிளிம்பு மரத்தின் நார்களுக்குக் குறுக்காக இருக்குமாறு ஆணி வைக்கப்படும். ஏன்? நார்களுக்குச் சமாந்தரமாக வைத்தால் அது ஆப்பு போலச் செயற்பட்டுக் கட்டையைப் பிளந்துவிடும். விறகு பிளப்பவர் கோடரியை நார் வழியே போடுவது இதனாற்றான். குறுக்காக வைத்தால் நார்கள் வெட்டுண்டு கீழ்நோக்கி வளையும். வளைந்த நார்கள் ஆணியின் பக்கங்களை இறுக அமுக்கும். இந்த அமுக்கத்தினால் எழும் உராய்வு விசையே ஆணியை மேலெழாமற் பிடித்து வைத்திருக்கிறது. கட்டை உக்கினால் நார்கள் தளர்ந்து அழுத்தம் குறையும், உராய்வும் குறையும், ஆணியைக் கையாலேயே தூக்கிவிடலாம். கட்டைகளுக்குக் கிரியசோற்று எண்ணெய் ஊட்டுவது பங்கசும் பூச்சியும் அவற்றைத் தாக்காமல் இருப்பதற்காகவே.

பொதுவாக ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என ஆணிகள் அடிக்கப்படும். வளைவுகளில் மேலும் கூடும். இவ்விரு ஆணிகளும் ஒரே நார்க் கோட்டில் அமையக்கூடாது. அமைந்தால் இரண்டு துளைகளுக்கும் இடையே வெடிப்பு ஓடும்.

ஆணி அடித்தலும் பிடுங்கலும்

சம்மட்டியின் திணிவு 5 கிலோகிராம், ஆணியைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 8 மீற்றர் எனக் கொள்வோம்.

இயக்கசக்தி = ½ × 5 × 8 × 8 = 160 யூல்

இச்சக்தி முழுவதும் ஆணியை 2 சென்ரிமீற்றர் உட்செலுத்தும் வேலையாக மாறுகிறது எனின்,

சராசரி விசை = 160 ÷ 0.02 = 8000 நியூற்றன்

ஆணி ஆழமாகப் போகப் போக மரத்தைத் தொடும் பரப்பு கூடும், உராய்வும் கூடும். அதே அடிக்கு ஆணி 1 சென்ரிமீற்றர் மட்டுமே இறங்கினால் தடைவிசை 16,000 நியூற்றன் என்பது பெறப்படும். அடி பலமாக இருந்தும் ஆணி இறங்காமைக்குக் காரணம் அடிப்பவரின் களைப்பு மட்டுமன்று!

1869 ஏப்ரல் 28 இல் யூட்டாப் பிரதேசத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் பாதை இடப்பட்டது. 25,000 க்கும் மேற்பட்ட கட்டைகள். பெரும்பாலும் சீனத் தொழிலாளர். எல்லா ஆணிகளும் கைச்சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. ஆனால் வரலாற்று நூல்களில் பெயர்பெற்றது இதற்கு 12 நாட்களின் பின்னர், மே 10 ஆம் திகதி, புறொமன்ரறியில் வைக்கப்பட்ட பொன் ஆணியே. பொன் மென்மையான உலோகமாதலால் அதை அடிக்க இயலாது. முன்பே துளையிட்ட கட்டையில் அதை இட்டுப் பின்னர் எடுத்துவிட்டார்கள்.

பிடுங்குவதற்கு நகமுள்ள அலவாங்கு பயன்படும். இது முதலாம் வகை நெம்பு. நகத்துக்கும் பொறுதிக்கும் இடைத்தூரம் 5 சென்ரிமீற்றர், பொறுதியிலிருந்து கைபிடிக்கும் இடம் 1.4 மீற்றர், எத்தனம் 300 நியூற்றன் எனின்,

300 × 1.4 = சுமை × 0.05
சுமை = 8400 நியூற்றன்

பொறிமுறை நயம் 28. ஒருவர் தனியே ஆணியைப் பிடுங்குவது இதனாற் சாத்தியமாகிறது. ஆனால் பிடுங்கிய துளையில் மீண்டும் ஆணி அடித்தால் பிடி இராது. நார்கள் ஏற்கெனவே வெட்டுண்டவை. துளைக்கு மர அடைப்பு வைத்து அடிப்பர். பலமுறை இவ்வாறு செய்த கட்டை உக்காவிட்டாலும் உதவாது.

தாங்கித் தகடு

தண்டவாளத்தை நேரே மரத்தின் மேல் வைத்தால் என்ன நடக்கும்? அடியின் அகலம் 15 சென்ரிமீற்றர், கட்டையின் அகலம் 24 சென்ரிமீற்றர், கட்டைக்கு வரும் விசை 36,000 நியூற்றன் என்க.

பரப்பளவு = 0.15 × 0.24 = 0.036 சதுர மீற்றர்
அமுக்கம் = 36,000 ÷ 0.036 = 1,000,000 பஸ்கால்

36 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட உருக்குத் தகட்டை இடையில் வைத்தால் பரப்பளவு 0.072 சதுர மீற்றர். அமுக்கம் 500,000 பஸ்கால், அதாவது அரைவாசி. மரம் நசிவது குறையும். தகட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதன் விளிம்பு மேடு தண்டவாளத்தின் அடியைத் தாங்குவதால், பக்கவாட்டுத் தள்ளலை உள்ளே உள்ள ஆணிகளும் வெளியே உள்ள ஆணிகளும் சேர்ந்தே எதிர்க்கும். தகடு இல்லையேல் வெளியாணி மட்டும் தனித்து நின்று தாங்க வேண்டும்.

எந்த ஆணி எதைத் தடுக்கிறது?

மாணவர் பலர் குழம்பும் இடம் இது. கவனமாக வாசியுங்கள்.

வண்டி வளைவில் திரும்பும்போது சில்லின் விளிம்பு வெளித் தண்டவாளத்தின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளும். இதனால் தண்டவாளம் இரண்டு விதமாகத் தோற்கலாம்: வெளிப்பக்கம் வழுக்கலாம், அல்லது தன் அடியின் வெளிவிளிம்பைச் சுற்றிக் கவிழலாம். வழுக்கலைத் தடுப்பதில் வெளியாணியின் தண்டு முக்கியம். கவிழ்தலைத் தடுப்பதோ உட்பக்க ஆணியின் தலை. கவிழும்போது மேலெழுவது அடியின் உள்விளிம்பு என்பதால், அதை அமத்திப் பிடிக்க வேண்டியது அந்தப் பக்கத்து ஆணியே.

உதாரணம்: நிலைக்குத்து விசை 40,000 நியூற்றன், அடியின் நடுவூடாகச் செயற்படுகிறது. பக்கவாட்டு விசை 20,000 நியூற்றன், அடியிலிருந்து 0.18 மீற்றர் உயரத்தில். அடியின் அகலம் 0.15 மீற்றர். தண்டவாளத்தின் முறுக்கற் தடையைப் புறக்கணிக்க.

வெளிவிளிம்பு பற்றித் திருப்பம் எடுக்க:

கவிழ்க்கும் திருப்பம் = 20,000 × 0.18 = 3600 நியூற்றன் மீற்றர்
மீட்கும் திருப்பம் = 40,000 × 0.075 = 3000 நியூற்றன் மீற்றர்

எஞ்சிய 600 ஐ உட்பக்க ஆணி ஈடுசெய்தல் வேண்டும். அது வெளிவிளிம்பிலிருந்து 0.15 மீற்றரில் உள்ளதால்,

ஆணி வழங்க வேண்டிய விசை = 600 ÷ 0.15 = 4000 நியூற்றன்

நிலைக்குத்து விசை தண்டவாளத்தை நிலைநிறுத்தவே உதவுகிறது என்பதைக் கவனிக்க. பாரமான வண்டி என்றாலே ஆபத்து என எழுதினால் புள்ளி கிடைக்காது. பக்கவாட்டு விசைக்கும் நிலைக்குத்து விசைக்கும் உள்ள விகிதமே இங்கு தீர்மானிப்பது.

திருகாணியும் விற்கவ்வியும்

சில்லு நெருங்கும்போது அதற்குச் சற்று முன்னால் தண்டவாளம் சிறிதளவு மேலெழும். சில்லு வந்ததும் கீழிறங்கும். ஒவ்வொரு சில்லுக்கும் இது நிகழ்வதால் இறுக அடித்த ஆணி சிறிது சிறிதாக மேலே இழுபடும். இதனால் ஆணித் தலைக்கும் தண்டவாள அடிக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீற்றர் இடைவெளி விடுவது அமெரிக்க வழக்கம். பார்ப்பவருக்கு இது கவலையீனமாகத் தோன்றும். உண்மையில் வேண்டுமென்றே விடப்படுவது.

திருகாணியின் புரிகள் நார்களுக்கிடையே சிக்கி நிற்பதால் அதைப் பிடுங்க அதிக விசை தேவை. துளையிட்டே அதைத் திருக வேண்டும். 1950 களில் நோர்வே நாட்டவரான பாண்டே றொல்ப்சன் உருவாக்கிய வளைந்த உருக்குக் கவ்வி வேறு வழியைப் பின்பற்றியது. அது வில்லாகச் செயற்பட்டு, தண்டவாளம் எழும்போதும் இறங்கும்போதும் கூடவே சென்று அமத்திக்கொண்டிருக்கும். அவரது பெயரிலிருந்து வந்த பாண்ட்றோல் என்னும் பெயராலேயே அது அறியப்படுகிறது. மரக்கட்டையில் இதைப் பயன்படுத்துவதாயின் தகட்டில் கவ்வியைப் பொருத்தி, தகட்டைத் திருகாணியாலோ ஆணியாலோ மரத்துடன் பிணைக்க வேண்டும். ஆகவே மரத்தைப் பிடிப்பது முடிவில் மீண்டும் ஆணிதான்.

அந்த ஆணி உடைந்தால் நடப்பதை 2016 யூன் 3 ஆம் திகதி ஒரிகன் மாநிலத்தின் மோசியர் என்னும் சிற்றூரில் காண முடிந்தது. மசகு எண்ணெய் ஏற்றிச் சென்ற புகையிரதத்தின் 16 தாங்கி வண்டிகள் வளைவொன்றில் தடம்புரண்டன, அவற்றுட் சில தீப்பற்றின. அருகிலிருந்த பாடசாலையின் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஏற்படவில்லை. தகடுகளை மரக்கட்டைகளுடன் பிணைத்த திருகாணிகள் பல உடைந்திருந்ததால் தண்டவாளம் சாய்ந்து பாதை அகலித்தது என்பதே விசாரணையிற் கண்ட காரணம். சாதாரண ஆணி தளர்ந்தால் தலை மேலெழுந்து கண்ணுக்குத் தெரியும். திருகாணியோ கட்டைக்குள்ளே முறியும். தலை இருந்த இடத்திலேயே இருக்கும். நடந்து சென்று பார்ப்பவருக்குப் பாதை நல்லதாகவே தோன்றும். பிடுங்க முடியாத பிணைப்பு எப்போதும் பாதுகாப்பான பிணைப்பு அன்று என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நீளப்பாட்டு நகர்வு

தடுப்புப் போடும் வண்டி தண்டவாளத்தை முன்னோக்கித் தள்ளும். வெப்பமும் அதை நீட்டும்: 10 மீற்றர் உருக்குத் தண்டவாளம் 30 பாகை செல்சியசு வெப்பநிலை உயர்வுக்கு 3.6 மில்லிமீற்றர் நீளும். கொளுக்கி ஆணி இந்தத் திசையில் எதையும் தடுக்காது. தண்டவாளம் அதன் தலைக்குக் கீழாக வழுக்கிச் செல்லும். எனவே தண்டவாளத்தின் அடியில் உருக்குப் பிடிகள் பூட்டப்பட்டு, அவை கட்டையின் பக்கத்தில் முட்டுமாறு விடப்படும். பின்னர் கட்டையும் அதைச் சூழ்ந்த சல்லியுமே தடையைக் கொடுக்கும்.

பயிற்சி

1. 4 கிலோகிராம் திணிவுள்ள சம்மட்டி செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்துடன் ஆணியில் மோத, ஆணி 2.5 சென்ரிமீற்றர் இறங்கியது. சராசரித் தடைவிசை யாது?

2. மேலே தந்த வளைவு உதாரணத்தில் வண்டி வேகத்தைக் குறைத்ததால் பக்கவாட்டு விசை 15,000 நியூற்றன் ஆயிற்று. உட்பக்க ஆணி வழங்க வேண்டிய விசை யாது? காரணம் தருக.

3. அதே உதாரணத்தில் ஆரம்ப விசைகளுடன், உட்பக்கத்தில் இரண்டு ஆணிகள் சமமாகச் சுமையைப் பகிர்ந்தன. ஒன்று முறிந்தால் மற்றையதன் விசை எவ்வாறு மாறும்?

விடைகள்: (1) 8000 நியூற்றன். (2) பூச்சியம், கவிழ்க்கும் திருப்பம் 2700, மீட்கும் திருப்பம் 3000 நியூற்றன் மீற்றர் ஆதலால் தண்டவாளம் தன்பாட்டிலேயே நிலைத்து நிற்கும். (3) 2000 நியூற்றனிலிருந்து 4000 நியூற்றனாக இரட்டிக்கும். ஆகவே அதுவும் விரைவில் முறியும் சாத்தியம் கூடும்.