பாதத்துக்கு ஒரு கால் மணி நேரம்



போன மாதம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்டோம். "நேத்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்காக நீங்க என்ன செஞ்சீங்க?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "காலை நீட்டிப் படுத்தேன், வேற என்னா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவருக்குச் சேற்றுப்புண். இன்னொருவருக்குக் குதிகால் பித்தவெடிப்பு. ஒருவர் தரையில் ஊன்றவே பயந்து ஓரக்காலில் நடந்து வந்திருந்தார்.

நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நிற்பது நம் கால். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் அதே கால்தான். அதனால் இந்த மாதப் பாடம், செலவில்லாமல் வீட்டிலேயே பாதத்துக்கு ஓய்வு கொடுப்பது எப்படி என்பது.

தேவையானவை

கால் இரண்டும் வைக்கிற அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பு. தண்ணீர் 4 அல்லது 5 லிட்டர். கல் உப்பு 2 கைப்பிடி. வேப்பிலை அல்லது வேலியோர நொச்சி இலை ஒரு கைப்பிடி. துடைக்க சுத்தமான பழைய பருத்தித் துணி. கொஞ்சம் தேங்காய் எண்ணெய்.

செய்முறை

1. முதலில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். சேற்றோடு டப்பில் வைத்தால் சேற்றிலேயே ஊறுவதுதான் மிச்சம்.

2. இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள்.

3. டப்பில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் பிறகே வெந்நீர். முழங்கையை விட்டுப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பிறகு உப்பைக் கரையுங்கள்.

4. பாதத்தை 10 முதல் 15 நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் கீரை ஆய வேண்டாம், பூக்கட்ட வேண்டாம். சும்மா உட்காருங்கள்.

5. நல்ல தண்ணீரில் அலசி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஈரமில்லாமல் துடையுங்கள். குதிகாலுக்கு எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் தடவக் கூடாது.

வாரத்துக்கு 2 நாள் போதும்.

உப்பு என்ன செய்கிறது?

நம் மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தை எல்லோருக்கும் தெரியும். உப்புத் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் வற்ற வைத்து உப்பு எடுக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற பெண்களின் கால் வெடித்துப் புண்ணாகிறது. "உப்பு காலுக்கு நல்லதுன்னா, அவங்க காலு ஏன் வெடிக்குது?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. பாத்தியில் இருப்பது மிகக் கெட்டியான உப்புநீர். அதில் மணிக்கணக்காக நின்றால் தோலின் ஈரத்தை உப்பு உறிஞ்சிவிடும். நாம் போடுவது 2 கைப்பிடி, வைப்பது கால் மணி நேரம். அதனால்தான் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் தடவச் சொல்கிறோம்.

உண்மையைச் சொன்னால், பாதி வேலையைச் செய்வது வெந்நீர்தான். இளஞ்சூட்டில் ரத்தக் குழாய் விரிகிறது, இறுகின தசை தளர்கிறது, காய்ந்த தோல் மிருதுவாகிறது. மருந்துக் கடையில் எப்சம் உப்பு என்று ஒன்று விற்பார்கள். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்று நீரில் கிடைத்ததால் அந்தப் பெயர். பேதி உப்பு என்பதும் அதுதான். கால் ஊற வைப்பதற்காக அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டுக் கல் உப்பே போதும். சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. உப்புநீர் சுகம் தரும், ஆனால் பூஞ்சையைத் தீர்க்காது. ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு வாங்கிப் போடுங்கள்.

யார் செய்யக் கூடாது?

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி. சர்க்கரை நோய் உள்ள அக்கா ஒருவர் வலி தீரட்டும் என்று சுடச்சுட தண்ணீரில் கால் வைத்தார். சூடே தெரியவில்லை. மறுநாள் பாதமெல்லாம் கொப்புளம். புண் ஆறாமல் கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நாள்பட இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப் போகும். சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் காலை ஊற வைக்கவே வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுவி, துடைத்து, தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் மருமகளையோ பேத்தியையோ பார்க்கச் சொல்லுங்கள்.

திறந்த புண் இருந்தால் செய்யக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள் வெந்நீரும் உப்பும் இல்லாமல், சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு தினமும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். சேற்றில் வேலை செய்த பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாதவர்கள் நம்மில் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்த தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்களே. 30 வயது தாண்டியவர்கள் ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகே டப்பில் கால் வையுங்கள்.

இதைப் பாக்கெட் போட்டு விற்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். அழகுசாதனப் பொருள் என்று தயாரித்து விற்க அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இறங்க வேண்டாம். இப்போதைக்கு நம் காலுக்கே செய்துகொள்வோம்.

கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் எத்தனை பேர் சர்க்கரை பரிசோதனை செய்திருக்கிறோம்?

2. சர்க்கரை உள்ளவர்கள் ஏன் காலை ஊற வைக்கக் கூடாது?

3. வாரத்தில் 2 நாள், கால் மணி நேரம் நமக்கென்று ஒதுக்க வீட்டில் யார் எந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மான நோட்டிலும் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தில் கேட்போம்.