சிறகுகளுக்கு நடுவே

லோதி ரோடு, புது தில்லி

அன்பு மருமகனே,

கிறிஸ்துமஸ் கார்டில் சிறகோடு சிரிக்கும் குண்டுக் கன்னக் குழந்தைதான் கேருபீனா என்று கேட்டிருந்தாய். வேதத்தில் வரும் கேருபீன் என்ற வானதூதர் வகை அப்படிப்பட்டது அல்ல. பார்த்தவரை நடுங்க வைப்பது. எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள், நான்கு சிறகுகள், பக்கத்தில் ஒரு சக்கரம், உடம்பெங்கும் கண்கள். ஆதியாகமத்தில் முதன்முதலாக வரும்போதே அவற்றுக்குக் காவல் வேலைதான். ஆதாமைத் துரத்திய பின், ஏதேனுக்குக் கிழக்கே ஜீவ விருட்சத்துக்குப் போகும் வழியைக் காத்து நிற்கின்றன. தூதன் காபிரியேலைப் போல யாரிடமும் செய்தி கொண்டு போவதில்லை.

நீ நின்று யோசிக்க வேண்டிய இடம் யாத்திராகமம். 20ஆம் அதிகாரத்தில் விக்கிரகம் செய்யாதே என்ற கடவுள், 25ஆம் அதிகாரத்தில் பொன்னை அடித்து இரண்டு கேருபீன்கள் செய்யச் சொல்கிறார். எங்கே வைக்கச் சொன்னார் என்று பார்த்தால் இந்த முரண் தீரும். உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடியான கிருபாசனத்தின் இரண்டு ஓரங்களிலும், எதிரெதிராக, சிறகுகளை உயர விரித்தபடி அவை நிற்க வேண்டும். கடவுள் பேசுவது அவற்றின் நடுவிலிருந்து. அங்கே சிலை ஏதும் கிடையாது. அக்கம்பக்கத்து ஜனங்கள் தங்கள் தெய்வத்தின் சிலையை நிறுத்திய இடத்தை இஸ்ரவேலர் வெறுமையாக விட்டார்கள். கேருபீன்கள் கும்பிடுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. கும்பிடப்படுகிறவர் எந்த உருவத்திலும் அடங்காதவர் என்பதை அந்த வெற்றிடம்தான் சொன்னது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாலொமோன் கட்டிய ஆலயத்தில் ஒலிவ மரத்தில் செய்து பொன் தகடு போர்த்திய இரண்டு கேருபீன்கள் நின்றன. உயரம் பத்து முழம், ஒவ்வொரு சிறகும் ஐந்து முழம். நான்கு சிறகுகளையும் கூட்டிப் பார்: இருபது முழம். அவை நின்ற உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் அகலமும் அதுவே! வெளிச் சிறகுகள் இரண்டும் சுவர்களைத் தொட, உள் சிறகுகள் நடுவில் ஒன்றையொன்று தொட்டன.

குழந்தை முகம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. கேருபீன்களுக்குக் குழந்தை முகம் என்று யூதர்களின் தல்மூதிலேயே ஒரு கருத்து உண்டு. ஜனங்கள் கடவுளுக்குக் கீழ்ப்படிந்து நடந்தபோது அவை ஒன்றையொன்று நோக்கின, மீறியபோது முகம் திருப்பிக்கொண்டன என்றும் ரபிமார் விளக்கினார்கள். கிறிஸ்தவ மரபு வானதூதரை ஒன்பது அணிகளாக வகுத்து, சேராபீன்களுக்கு அடுத்த இடத்தை இவற்றுக்குக் கொடுத்தது; கடவுளை அறியும் ஞானம் இவற்றின் சிறப்பு என்றது. பிறகு இத்தாலிய ஓவியர்கள் பழைய ரோமச் சிற்பங்களின் சிறகுக் குழந்தைகளை இவற்றோடு கலந்துவிட்டார்கள். ஐரோப்பியப் படங்கள் வழியே அந்தக் குழந்தைகள் முகலாய அரண்மனைக்கும் வந்தன. ஜஹாங்கீரை ஓவியர் பிசித்ர் தீட்டிய படம் ஒன்றில் பேரரசரின் தலைக்கு மேல் இரண்டு பறக்கின்றன. ஒன்று முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

லீவுக்கு இங்கே வா. பக்கத்தில் ஹுமாயூன் ரோட்டில், 1956இல் கட்டிய ஜூதா ஹியாம் என்ற யூத ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போகிறேன். வருவதற்குள் யாத்திராகமம் 25, எசேக்கியேல் 10 இரண்டையும் நீயே ஒருமுறை நிதானமாகப் படித்துவிடு.

அன்புடன்,
மாமா