புதினா இலைப் பானம்

கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் ஏரியை அடுத்துள்ள டாக்குரியாவைப் போன்று வீடுகள் நெருங்கிய பகுதிகளிலும் புதினாவைத் தொட்டியில் வளர்த்தல் எளிது. கணுவுள்ள தண்டுத் துண்டை ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும், விதை வேண்டுவதில்லை.

இதன் மணம் கார்வோன் முதலிய ஆவியாகும் பொருள்களால் உண்டாவது. (மெந்தால் மிகுந்திருப்பது வேறோர் இனம், இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர்.) திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் இவை நீராவியோடு வெளியேறும், அடுக்களை மணக்கும், பானம் மணக்காது. ஆதலின் கழுவிய இலைகள் பத்துப் பன்னிரண்டைக் கசக்கிக் கோப்பையிலிட்டு, கொதித்த நீரை ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்துக் கொள்க.

தேயிலையிலுள்ள காபீன் இதில் இல்லை. ஆயினும் உணவோடு சேர்த்துப் பருகுதல் தகாது என்பதைக் களப்பணியாளர் வற்புறுத்த வேண்டும். நெருங்கிய இனமான பெப்பர்மிண்ட் இலைப் பானத்தை ரொட்டியுடன் அருந்தியவர்களின் உடலில், அவ்வுணவின் இரும்புச்சத்து சேர்தல் 84 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இலையிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிணைத்துக்கொள்வதே காரணம். தாவர உணவையே நம்பியிருக்கும் இரத்தச்சோகையுற்ற பெண்கள், உணவுண்டு ஒரு மணி நேரமேனும் சென்றபின் இதனைப் பருகுக.