பழைய லேத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆயுத பூசைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவித் துடைக்கும்போது, மூலையில் நிற்கும் பழைய லேத்தையும் துடைப்போம். "இது எந்த வருஷத்து மெஷின் அண்ணே?" என்று கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்துது தம்பி" என்று பதில் வரும். அதோடு சரி. பட்டறை கைமாறும்போது அது பழைய இரும்பு விலைக்கு, கிலோ கணக்கில் போய்விடும்.

வயது தெரிந்தால் சரியான உதிரிபாகம் தேடலாம், நியாயமான விலை கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தாத்தாக்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட இயந்திரத்தைப் பற்றி நாம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டாமா?

முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், எண் அழிந்துவிடும். டெயில்ஸ்டாக் பக்க முனையில், பெட்டின் மேல் பாருங்கள். சவுத் பெண்ட் போன்ற லேத்துகளில் வரிசை எண்ணை அங்கேதான் குத்தியிருப்பார்கள். மங்கலாக இருந்தால் சாக்கட்டியைத் தேய்த்து, மேலாகத் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் தெரியும்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வேறு, குத்திய எண் வேறு. புடைத்த எண் பெரும்பாலும் அச்சின் எண்தான். ஒரே அச்சில் பல வருஷம் வார்ப்பார்கள், ஆகவே அதை வைத்து வயது சொல்ல முடியாது. குத்திய எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டால் வருஷம் கிடைக்கும். பட்டியல் கிடைக்காவிட்டால் மாடல் பெயர் உதவும். மைஃபோர்ட் எம்.எல்.7 அறிமுகமானது 1946-இல், சூப்பர் 7 வந்தது 1953-இல். அதற்கு முந்தியதாக அவை இருக்கவே முடியாது.

ஒரு பாகத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சில தொழிற்சாலைகளில் பெட், சேடில், டெயில்ஸ்டாக் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சுரண்டி, ஒரே எண்ணைக் குத்துவார்கள். டெயில்ஸ்டாக்கில் மட்டும் வேறு எண் என்றால், அது வேறொரு லேத்திலிருந்து வந்திருக்கலாம். பேரிங், மோட்டார் இரண்டும் தேய்ந்தால் மாற்றப்படுபவை. அவற்றின் வயது லேத்தின் வயது ஆகாது.

ஒரு கணக்குப் போடுவோம். பெட் எண்ணுக்குப் பட்டியல் 1938 என்கிறது. பக்கவாட்டில் 'எஃப்.எம்.எஸ்.ஆர்.' என்று ஒரு சொத்துத் தகடு. மோட்டாரில் 'மேற்கு ஜெர்மனி'. இது எந்தக் காலத்து மெஷின்?

எஃப்.எம்.எஸ்.ஆர். என்பது 1901-இல் தொடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே. 1948-இல் அது மலாயன் ரயில்வே ஆனது. மேற்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தது 1949 முதல் 1990 வரை. ஆகவே லேத் செய்யப்பட்டது 1938, ரயில்வே கைக்கு வந்தது 1948-க்குள், இந்த மோட்டார் ஏறியது 1949-க்குப் பிறகு. ஒரே இயந்திரத்தில் மூன்று காலம்!

சரி, 1945-இல் செந்தூல் பட்டறைமேல் பி-29 விமானங்கள் குண்டு போட்டபோது இந்த லேத் அங்கே இருந்ததா? தகடு அதைச் சொல்லாது. போருக்கு முன்னும் அதே பெயர்தான், போர் முடிந்து 1948 வரையிலும் அதே பெயர்தான். அதற்குப் பழைய ரசீதோ சொத்துப் பதிவேடோ வேண்டும், இல்லையென்றால் அங்கே வேலை செய்த பெரியவர் யாராவது சொல்ல வேண்டும். தகடு எங்கேயும் போகாது, பெரியவர்களை முதலில் பாருங்கள்.

டயலில் அங்குல அளவு இருப்பதைக் கண்டு "ரொம்பப் பழசு" என்று சொல்லிவிடாதீர்கள். மலேசியா மெட்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்ததே 1972-இல்தான். அதற்குப் பிறகும் அங்குல லேத்துகள் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருந்தன.

இந்த வருஷம் சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன், எல்லா எண்களையும் எந்தப் பாகத்தில், எந்தப் பக்கத்தில் என்று குறித்து, போனில் படமும் எடுத்துவிடுங்கள். பொட்டு பெயர்த்தகட்டின்மேல் வேண்டாம், ஹெட்ஸ்டாக் மூடியில் வைத்தால் போதும்.