பின்னங்காலுக்கு யார் வழி சொல்வது?

கேள்வி: அய்யா, பாகூர் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறேன். வயலுக்குப் போகிற வழியில் மோட்டார் பைப் குறுக்கே கிடக்கிறது. முன்னங்காலை மாடு பார்த்துத் தூக்கி வைக்கிறது, சரி. பின்னங்காலும் பைப்பில் படாமல் தாண்டுகிறதே, எப்படி?

பதில்: கண் பக்கவாட்டில் இருப்பதால் மாட்டுக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் வயிற்றுக்கடியில் கிடக்கும் பைப்பைப் பார்த்து அது காலைத் தூக்குவதில்லை. நினைவில் வைத்துத் தூக்குகிறது.

பூனையில் இதைச் சோதித்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து மெக்வே, பியர்சன் இருவரின் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. முன்னங்கால்கள் தடுப்பைத் தாண்டியதும் பூனையை அப்படியே நிறுத்திவிட்டு, தடுப்பை அதற்குத் தெரியாமல் கீழே இறக்கினார்கள். மறுபடி நடக்கவிட்டால், இல்லாத தடுப்புக்காகப் பின்னங்காலை உயரத் தூக்கியது! பத்து நிமிடம் கழித்தும் அப்படித்தான். முன்னங்கால் தாண்டும் முன்பே நிறுத்தினால் அந்த நினைவு சீக்கிரமே கலைந்துவிடுகிறது. அதாவது, கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, முன்னங்கால் தாண்டியிருக்க வேண்டும். 2009-ல் குதிரையிலும் பார்த்தார்கள்; அங்கேயும் நினைவுதான் பின்னங்காலுக்கு வழிகாட்டுகிறது. உங்கள் மாடும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பது என் எண்ணம். வரப்புச் சேற்றில் தடத்தைப் பாருங்கள்: பின்குளம்பு பெரும்பாலும் முன்குளம்பு பதிந்த இடத்தையொட்டியே விழுந்திருக்கும்.

தப்பித் தவறிக் கால் இடித்தாலும், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடமே அந்தக் காலை இன்னும் மேலே மடக்கித் தூக்கிவிடும்.

ஒரு வேண்டுகோள். பங்காரு வாய்க்கால் பக்கம் ஓட்டிப் போகும்போது, மாடு மதகுக்கு முன்னால் நின்றால் மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தலையை நிமிர்த்தாதீர்கள். தலையைத் தாழ்த்திப் பார்த்தால்தான் மேடு பள்ளம் அதற்குப் பிடிபடும். நிழலைப் பள்ளமென்று நினைத்துக்கூட நிற்கும்; அடிக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள், தானே தாண்டும்.

வழக்கமாகத் தாண்டுகிற மாடு பின்னங்காலை அடிக்கடி இடித்துக்கொண்டால், குளம்பு அதிகமாக வளர்ந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பாருங்கள். கன்று போட்டு மூன்று நாளுக்குள் பின்னங்கால் தள்ளாடினால் பால் காய்ச்சலாக இருக்கலாம். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவது. குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாளைக்கு ஓட்டிப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள், மாடு படுத்துவிடும். அன்றைக்கே டாக்டரைக் கொட்டகைக்கு வரவழையுங்கள்.