ஊசிக்கு முன்னால் சில விஷயங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டெஸ்டோஸ்டிரான் 268 என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறாய். ஜிம் மாஸ்டர் வேறு, "ஊசி போட்டா ஒரே மாசத்துல ஆளே மாறிடுவீங்க" என்று ஏற்றிவிட்டிருக்கிறார். என் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியை எடுத்த நாளிலிருந்து அந்த ஊசியில்தான் என் வண்டி ஓடுகிறது. அதனால்தான் அக்காவிடம் மூச்சு விடாமல் எனக்கு எழுதினாய் போல. நானும் அவளிடம் சொல்லவில்லை.

முதலில் அந்த ரிப்போர்ட். ரத்தம் எடுத்த நேரம் மாலை 4.30, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். சாப்பிட்டாலும் குறையும். வெறும் வயிற்றில், காலை பத்து மணிக்குள், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் குறைந்திருந்தால்தான் அதைக் குறை என்பார்கள். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் மூன்றையும் கேள். கோளாறு விதையிலா, பிட்யூட்டரியிலா என்று அதில் தெரியும். என் கட்டி பிடிபட்டதும் அப்படித்தான்.

உனக்கு வயது 34. எடை 96 கிலோ. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. நீ விடும் குறட்டையில் பக்கத்து அறையில் ஆள் தூங்க முடியாது. தொப்பையும் கெட்ட தூக்கமும் சேர்ந்தாலே இந்த அளவு இறங்கும்; எடை குறைந்தால் தானாகவே கொஞ்சம் ஏறும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்காமல் ஊசி போட்டால் அது இன்னும் மோசமாகலாம்.

இதைவிடப் பெரிய விஷயம், இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்றாயே, அது. ஜிம்மில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரான் வந்ததும், பிட்யூட்டரி விதைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். உத்தரவு வராத விதை விந்தணு உற்பத்தியையும் நிறுத்திக்கொள்ளும். சற்றுச் சுருங்கவும் செய்யும். ஆண்களுக்கான கருத்தடையாக இதே ஊசியை உலக சுகாதார நிறுவனம் 1990-களில் சோதித்துப் பார்த்தது என்றால் யோசித்துக்கொள். வாரம் 200 மில்லிகிராம் போட்டதில் பெரும்பாலோருக்கு விந்தணு அறவே நின்றது. நிறுத்தினால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். பிள்ளை வேண்டுமென்பவர்களுக்கு விதையைத் தூண்டும் வேறு மருந்துகள் உண்டு. ஹார்மோன் டாக்டரிடம் கேள்.

இத்தனைக்கும் பிறகு உண்மையிலேயே குறைதான் என்று தெரிந்தால், என்ன எதிர்பார்க்கலாம்? ஆசை முதலில் திரும்பும், மூன்று வாரத்திலிருந்து. மனச்சோர்வு மெதுவாக விலகும். விறைப்பு சீராக ஆறு மாதம்கூட ஆகலாம். சர்க்கரையால் ரத்தக்குழாய் கெட்டிருந்தால் ஊசி மட்டும் போதாது. மூன்று நான்கு மாதத்தில் கொழுப்பு கொஞ்சம் கரைந்து தசை கொஞ்சம் ஏறும். அந்தக் 'கொஞ்ச'த்தை நீ பெரிதாகக் கற்பனை செய்யாதே. எலும்பில் மாற்றம் தெரியவே ஆறு மாதம், முழுதாகத் தேற மூன்று வருடமும் ஆகும். சுறுசுறுப்பு? அமெரிக்காவில் 65 வயது கடந்த 790 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில் ஆசை கூடியது. உடல் தெம்பு எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை.

ரத்தம் மட்டும் நாம் கேட்காமலேயே ஏறும். சிவப்பணு மூன்று மாதத்தில் கூடத் தொடங்கி, ஒரு வருடம்வரை ஏறும். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கான ஹீமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். எனக்கே ஒருமுறை தள்ளிப் போட்டார்கள். 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ளவர்கள், வரும் அபாயம் உள்ளவர்கள் என்று ஐயாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தம் கட்டுவதும் கொஞ்சம் அதிகம். அதனால் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. வயது ஏற ஏற புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும்.

ஊசி எப்படி என்று கேட்டிருந்தாய். நான் போடுவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாலு மில்லி, விளக்கெண்ணெயில் கரைத்த மருந்து. குப்புறப் படுக்கச் சொல்லி, பிட்டத்தில் நர்ஸ் இரண்டு நிமிடம் மெதுவாக ஏற்றுவார். அவசரமாக ஏற்றினால் வலியோடு விடாத இருமலும் வரலாம். அதனால் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டே வருவேன். அடுத்த ஊசி நெருங்கும் கடைசி வாரங்களில் கொஞ்சம் சோர்வு தட்டும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். உன் அத்தை நாள்காட்டியைப் பார்க்காமலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஜெல் உனக்குச் சரிப்படாது. தடவிய தோலோடு பாப்பாவைத் தூக்கினால் மருந்து அவள் உடம்பில் ஏறும்.

எனக்கு இது ஆயுசுக்கும். உனக்கு அப்படி இருக்கத் தேவையில்லை. ஆனால் ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தினால், சொந்தச் சுரப்பு விழித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் இப்போதைவிட மோசமாகக் கிடப்பாய். மாஸ்டர் கொடுக்கிற பாட்டிலைத் தொடாதே. சீட்டில்லாமல் விற்கவே கூடாத மருந்து அது.

திங்கட்கிழமை காலை காப்பிகூடக் குடிக்காமல் லேபுக்குப் போ. விந்தணுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்துகொள். இதில் கூச்சம் என்ன வேண்டியிருக்கிறது? உன் பெண்டாட்டியிடம் இன்றைக்கே சொல். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, ரத்தம் எடுத்த நேரத்தோடு.

அன்புடன்,
மாமா